தொதலின் கார்ட்டில் ஸ்டிக்கர் இல்லை

2023 ஜூன், பொசன் லீவு முடிந்த அடுத்த சனிக்கிழமை. தெஹிவளையில் ஒரு வீட்டு முற்றத்தில் அப்பிள் பெட்டிக்குள் நான்கு நாய்க்குட்டிகள். மூன்று நித்திரை. ஒன்று மட்டும் எழும்பி வந்து என் செருப்பு வாரைக் கடித்து இழுத்தது. கரும்பழுப்பு நிறம், மினுமினுப்பு. வாழையிலையில் வெட்டி வைத்த தொதல் என்கிற இனிப்பு மாதிரி. அந்த இடத்திலேயே பெயரும் வைத்துவிட்டேன். போகும்போது "சும்மா பார்த்துவிட்டு வருவோம்" என்றுதான் வெளிக்கிட்டேன். திரும்பும்போது ஓட்டோவில் மடியில் துவாய்க்குள் அது. கொழும்பில், வெள்ளவத்தையில் தனிய வாடகைக்கு இருக்கிற, காலையில் எட்டு மணிக்குப் போய் ஆறரைக்கு வீடு வருகிற ஒருத்திக்கு நாய்க்குட்டி சரிவருமா என்று ஒரு கேள்வியைக்கூட நான் என்னிடம் கேட்கவில்லை. அம்மாதான் வவுனியாவிலிருந்து போனில் கேட்டா. "பிள்ளை, நீயே கடைச் சாப்பாடு. உனக்கு ஒரு நாயோ?"

குட்டிகளை மீட்டு வைத்திருந்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தன் சம்பளத்தில் பாதியை நாய்களுக்குச் செலவழிக்கிற ஆள். எந்த நேரமும் அந்த வீட்டில் பத்துப் பன்னிரண்டு நாய் நிற்கும். ஆனால் சிக்கல் தொடங்கியது அங்கேதான். "ஊசி எல்லாம் போட்டாச்சு மிஸ், பூச்சி மருந்தும் குடுத்தாச்சு" என்று ஒரு மஞ்சள் கார்ட்டைத் தந்தார். அதில் ஒரு திகதி, பக்கத்தில் ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். நானும் சந்தோஷமாக வாங்கிக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். தடுப்பூசி மருந்து வருகிற சின்னப் போத்தலில் உரித்தெடுக்கிற ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி எல்லாம் அதில் அச்சடித்திருக்கும். ஊசி போடுகிற மிருக டொக்டர் அதை உரித்துக் கார்ட்டில் ஒட்டி, கையெழுத்தும் சீலும் வைப்பார். ஸ்டிக்கரும் இல்லை, சீலும் இல்லை என்றால் அந்தக் கார்ட் வெறும் மட்டை. இதை எனக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. ஆறு நாளுக்குப் பிறகு ஒரு டொக்டர் அந்த மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதில ஒண்டுமே இல்லையே" என்று சொன்னபோதுதான் விளங்கியது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஊசி போட்டாச்சு" என்று ஆக்கள் சொன்னால் எந்த ஊசி என்று கேட்க வேண்டும். இங்கே அரசாங்கம் நாய்களுக்கு இலவசமாகப் போடுவது விசர்நாய்க்கடித் தடுப்பூசி. தெருத் தெருவாக முகாம் வைத்துப் போடுவார்கள், நல்ல விஷயம். ஆனால் அது விசருக்கு மட்டும்தான். பார்வோ, டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய்கள், எலிக்காய்ச்சல் போன்றவற்றுக்கான கூட்டு ஊசி வேறு. அதைக் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அதுவும் ஒரு ஊசியோடு முடிகிற காரியமில்லை. ஆறு எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு கிழமை ஆகும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஏன் இத்தனை தடவை என்றால், தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் மட்டும் தடுப்பூசியை வேலை செய்ய விடாதாம். அந்தச் சக்தி எந்தக் கிழமை கரையும் என்று யாராலும் சொல்ல ஏலாது. குட்டிக்குக் குட்டி வித்தியாசம். அதனால்தான் இடைவெளி விட்டுவிட்டு மூன்று தரம், சில நேரம் நான்கு தரம். ஒரு ஊசி போட்ட குட்டி பாதுகாப்பான குட்டி இல்லை.

முதல் நான்கு நாளில் நான் செய்த பிழைகளை எழுதவே வெட்கமாக இருக்கிறது. வந்த உடனேயே குளிப்பாட்டினேன், ஜூன் மழைக் குளிருக்குள். அங்கர் பால்மா கரைத்து வைத்தேன். குட்டி நக்கி நக்கிக் குடித்துவிட்டு அன்றிரவே வயிற்றால் போனது. மாட்டுப்பாலில் உள்ள சீனிச்சத்து நாய்களுக்குச் சரியாகச் செரிப்பதில்லை. அந்த வயிற்றோட்டம் பாலால் வந்ததுதான். ஆனால் அதனாலேயே பின்னால் வந்த வயிற்றோட்டத்தையும் "பால்தான்" என்று நினைத்து ஒரு நாளை வீணாக்கினேன். ஞாயிறு பின்னேரம் மெரின் டிரைவுக்குத் தூக்கிக்கொண்டு போய் இறக்கி விட்டேன். கடல் காற்று, ரெயில் சத்தம், கச்சான் வாங்கித் தின்கிற ஆக்கள், கண்ட தெருநாயெல்லாம் வந்து மணந்து பார்த்தது. ஊசிகள் முடியாத குட்டியின் கால் நிலத்தில் படக்கூடாது. வெளி உலகம் காட்டத்தான் வேண்டும் என்றால் கையில் வைத்துக்கொண்டு காட்டலாம்.

புதன்கிழமை விடிய தொதல் சாப்பிடவில்லை. கதிரைக்குக் கீழே சுருண்டு படுத்தது. செருப்பைக் கடிக்கவில்லை என்பதுதான் எனக்கு முதலில் பட்டது. பின்னேரம் சத்தி எடுத்தது, வெள்ளை நுரையாக. வியாழன் விடிய ஒபீசுக்குச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் வயிற்றை அமத்திப் பார்த்தார். பூச்சியாக இருக்கும் என்று ஒரு குளிசை, ஒரு ஊசி, 3,800 ரூபா. வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றார். வெப்பமானி வைக்கவில்லை, கார்ட்டைக் கேட்கவில்லை, எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்லுவேன்: டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். "மீட்ட குட்டி, வந்து ஐந்து நாள், ஊசி நிச்சயமில்லை, சாப்பிடவில்லை, சத்தி." இந்த வசனத்தைக் கேட்டால் எந்த நல்ல மிருக டொக்டரும் வேறு மாதிரி யோசிப்பார்.

வியாழன் இரவு பத்து மணிபோல் அது போன வயிற்றோட்டத்தில் இரத்தம். நிறத்தைவிட அந்த மணம்தான். அழுகின மீனும் இரும்பும் கலந்த மாதிரி ஒன்று. ஒருமுறை மணந்த ஆளுக்கு வாழ்நாளில் மறக்காது. இரவு முழுக்க ஜீவனி, வயிற்றோட்டத்துக்குக் குடிக்கிற உப்புச் சீனித் தூள், கரைத்துச் சிரிஞ்சால் வாய்க்குள் விட்டேன். விட்ட ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாகச் சத்தி எடுத்தது. இதுவும் பிழை. சத்தி நிற்காத குட்டிக்கு வாயால் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போகலாம். நரம்பு வழியாகச் சேலைன்தான் ஏற்ற வேண்டும். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் சின்ன வயதில் எனக்கு அம்மா செய்தது மட்டும்தான்.

வெள்ளி விடிய ஏழரைக்கு வேறொரு கிளினிக் வாசலில் நின்றேன். நர்ஸ் பிள்ளை மணத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள் போல. உள்ளே வர விடவில்லை, பின்பக்க வாசலால் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் அம்மா ஒரு பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துச் சின்னப் பட்டையில் விட்டார். பத்து நிமிஷம்கூட இல்லை, இரண்டு கோடு. பார்வோ. குடலின் உட்சுவரையும் எலும்பு மச்சையையும் ஒன்றாகத் தாக்குகிற வைரஸ் என்று விளங்கப்படுத்தினார். குடல் சுவர் உரிவதால் இரத்தமும் நீரும் போகும். மச்சை அடிபடுவதால் வெள்ளணுக்கள் விழுந்துவிடும். குடலில் உள்ள கிருமிகள் உரிந்த சுவர் வழியாக இரத்தத்துக்குள் போகும்போது எதிர்க்க ஆளில்லை. வைரஸைக் கொல்லும் என்று நம்பிக் கொடுக்க மருந்து இல்லை. சேலைன், சத்தி நிற்க ஊசி, கிருமிக்கு ஊசி, உடம்புச் சூடு. இதையெல்லாம் கொடுத்துக் குட்டியை உயிரோடு பிடித்து வைத்திருந்தால் அதன் உடம்பே நாலைந்து நாளில் மீண்டு வரும். விட்டால் பெரும்பாலானவை தப்புவதில்லை. நோய் தொற்றி மூன்று முதல் ஏழு நாளில் வெளியே தெரியும் என்றார். நான் விரல் விட்டு எண்ணினேன். மெரின் டிரைவ் இல்லை, அதற்கு முந்தியே. அப்பிள் பெட்டிக்குள் இருந்தபோதே தொதலுக்குள் அது இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கிளினிக்கில் இரவில் தங்க வைக்க வசதி இல்லை. அதனால் விடிய கொண்டு போய் விடுவது, பின்னேரம் ஆறு மணிக்குக் காலில் சேலைன் ஏற்றுகிற கனியூலாவும் பன்டேஜுமாகத் தூக்கிக்கொண்டு வருவது. ஐந்து நாள் இப்படி. இரவுகள் என்னுடையவை. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வைப்பேன், நேரடியாகப் பட்டால் சுட்டுவிடும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி பல் முரசை விரலால் அமத்திப் பார்ப்பேன். வெள்ளையாகி இரண்டு விநாடிக்குள் திரும்ப றோஸ் நிறம் வந்தால் சரி. குளிர்ந்து துவண்டு போனால் சீனிப்பாணி ஒரு சொட்டை முரசில் பூசச் சொல்லியிருந்தார், குட்டிகளுக்குச் சீனி இறங்கினால் வலிப்பே வந்துவிடுமாம். சனி இரவு அப்படித்தான் ஆனது. மூன்று மணி, மழை, கரண்ட் ஒருக்கா போய் வந்தது. குசினித் தரையில் இருந்து போன் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பாணி பூசினேன். அப்போது ஒரு நினைப்பு வந்தது, மறைக்க விரும்பவில்லை: இது செத்துப் போனால் நான் நித்திரை கொள்ளலாம். நினைத்த அடுத்த நொடியே அழுகை வந்தது. பிறகு எத்தனையோ பேரோடு கதைத்திருக்கிறேன். இந்த நோயோடு இரவு முழித்தவர்களில் இந்த நினைப்பு வராத ஆள் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வந்தால் பயப்பட வேண்டாம். களைப்பு அப்படித்தான் கதைக்கும்.

பாணி பூசும்போது அதன் பல் என் பெருவிரலில் கீறிவிட்டது. பாற்பல் ஊசி மாதிரி. கொஞ்சம் இரத்தம். ஒரு பிளாஸ்டர் ஒட்டிவிட்டு மறந்துவிட்டேன். ஞாயிறு விடிய டொக்டர் அம்மாவின் கண்ணில் பட்டதே அந்தப் பிளாஸ்டர்தான். முகம் மாறிவிட்டது. "கழுவினீங்களா? எவ்வளவு நேரம்?" எங்கேயோ பிறந்த குட்டி, தாய்க்கு ஊசி போட்டதா தெரியாது, கார்ட்டில் இருப்பது என்ன ஊசி என்று தெரியாது. குட்டியும் நோயில் கிடக்கிறது. விசர் நோய் அறிகுறி வந்த பிறகு மனுஷனுக்குப் பிழைப்பு இல்லை என்றே சொல்லலாம். வருவதற்கு முந்தி ஊசி போட்டால் கிட்டத்தட்ட எப்போதும் தப்பலாம். பார்வோ என்று சோதனையில் வந்துவிட்டதே என்று நான் இழுத்தேன். ஒரு நோய் இருக்கிறது என்பதால் மற்றது இல்லை என்று ஆகாது என்றார். சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும், 15 நிமிஷம். அங்கேயே நின்று கழுவினேன். ஆறு மணித்தியாலம் பிந்தி. அங்கிருந்து நேரே அரசாங்க ஆஸ்பத்திரி. ஊசி இலவசம். குறித்துத் தந்த நாட்களில் ஒன்றும் விடாமல் போனேன். கீறல்தானே என்று விடாதீர்கள், பாற்பல்லுத்தானே என்றும் விடாதீர்கள்.

வெளிக்கிடும்போது டொக்டர் அம்மா இன்னொன்று சொன்னார். "இரண்டு கிழமைக்குள்ள குட்டி செத்தா புதைக்க வேண்டாம். எனக்கு முதல் சொல்லுங்க. தலையை எம்.ஆர்.ஐக்கு அனுப்பணும்." எம்.ஆர்.ஐ என்றால் பொரளையில் இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், அங்கே மூளையைச் சோதித்து விசரா இல்லையா என்று சொல்வார்கள். சுற்றி ஐஸ் வைத்துக் கொண்டு போக வேண்டும், பிரீசரில் உறைய வைக்கக்கூடாது. மடியில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஒன்றைப் பற்றி இப்படிக் கேட்டுக்கொண்டு நின்றது என் வாழ்க்கையில் மிக மோசமான ஐந்து நிமிஷம். ஆனாலும் அவர் சொன்னது சரி. சொல்லாமல் விட்டிருந்தால் நான் எங்கேயாவது கடற்கரையில் புதைத்துவிட்டு, ஊசியை முடிப்பதா விடுவதா என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்திருப்பேன்.

திங்கள் பின்னேரம் கூட்டிக்கொண்டு வரப் போனபோது நர்ஸ் பிள்ளை சிரித்துக்கொண்டு நின்றாள். "பய வென்ன எபா மிஸ்," பயப்பட வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லிக் கதவைத் திறந்தாள். தொதல் அவளுடைய செருப்பு வாரை வாயில் வைத்துக்கொண்டு படுத்திருந்தது. கடிக்கத் தெம்பில்லை, சும்மா வைத்திருந்தது. அவித்த கோழியைப் பிய்த்து ஒரு தேக்கரண்டி, உப்பில்லாத குழைந்த சோறு ஒரு தேக்கரண்டி, நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அன்றைக்கு அது சாப்பிட்ட சத்தத்தை போனில் பதிந்து வைத்திருக்கிறேன்.

காசுக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை அரைகுறை. முதல் கிளினிக் 3,800. சோதனை 4,500. ஐந்து நாள் சேலைனும் மருந்தும் நாளுக்கு 6,500 படி 32,500. இரத்தப் பரிசோதனை இரண்டு தரம் 4,400. ஓட்டோ பத்து ஓட்டம் 6,000. எறிய வேண்டி வந்த பாய், மெத்தை, கால்மிதி 9,500. மொத்தம் 60,700 ரூபா. கூடவே மூன்று நாள் சம்பளமில்லாத லீவு. டொலர் ஏறி மருந்து விலையெல்லாம் கூடிப் போயிருந்த காலம், கைவசம் இருந்தது நாற்பதுக்கும் குறைவு. மிச்சத்துக்கு நகை அடகு வைத்தேன், ஒரு சின்னத் தோடு. பிறகு அதே டொக்டரிடம் கூட்டு ஊசி மூன்று தரமும் விசர் ஊசியும் போட்டு முடித்தபோது எல்லாமாகப் பதினான்காயிரம்கூட வரவில்லை. குட்டி எடுக்க நினைக்கிறவர்களுக்கு என் கணக்கு இதுதான்: பெட்டியும் படுக்கையும் கழுத்துப் பட்டியும் வாங்குவதற்கு முந்தி ஒரு அறுபதாயிரத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். ஒதுக்க ஏலாவிட்டால் இன்னும் ஆறு மாதம் பொறுங்கள். எடுக்கிற அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். அதற்குப் பிறகுதான் வீட்டு வாசல்.

துப்புரவாக்கியது தனிக் கூத்து. இரண்டு போத்தல் டெட்டோல் ஊற்றித் தேய்த்துவிட்டுப் பெருமையாகச் சொன்னேன், டொக்டர் அம்மா தலையில் கை வைத்தார். இந்த வைரஸ் டெட்டோலுக்கும் சாகாது, கையில் பூசுகிற சானிடைசருக்கும் சாகாது. மண்ணிலும் தரை வெடிப்பிலும் மாதக் கணக்காக, ஒரு வருஷம் வரைக்கும்கூட உயிரோடு கிடக்கும். பிளீச்தான் வழி: ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர், பத்து நிமிஷமாவது ஈரமாக நிற்க வேண்டும். அதற்கு முந்தி சவர்க்காரம் போட்டு அழுக்கைக் கழுவ வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது. டெட்டோலோடு கலக்கவும் கூடாது. மூன்று மாடிப் படியையும் நானே கழுவினேன். கீழ் வீட்டு அங்கிள், வீட்டுச் சொந்தக்காரர், கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "மகள், நாய் வளர்க்கிறதெண்டு எனக்குச் சொல்லவே இல்லையே" என்றார். சொல்லாததும் என் பிழைதான். நல்ல மனுஷன், விட்டுவிட்டார். எல்லா வீட்டுக்காரரும் அப்படியில்லை. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொழும்பில் தெருவில் திரிகிற கழுத்துப் பட்டி போட்ட நாய்களில் எத்தனையோ "வீட்டுக்காரர் வேண்டாமெண்டார்" என்று இறக்கி விடப்பட்டவை.

இனி எழுதப் போவதுதான் எனக்கு இன்னும் ஆறாதது. தொதலோடு அதே பெட்டியில் இருந்த மற்ற மூன்றும் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. நோய் தெரிந்த வெள்ளிக்கிழமையே தெஹிவளைக்காரருக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன், கொஞ்சம் சூடாகத்தான். அவர் "நீங்க ஏதாவது சாப்பிடக் குடுத்திருப்பீங்க" என்று பதில் போட்டார். நான் இன்னும் சூடானேன். அவர் என்னை முடக்கிவிட்டார். அதோடு விட்டுவிட்டேன். ஆகஸ்டில் டொக்டரிடம் ஊசிக்குப் போனபோது கல்கிசைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், வெறுங்கையோடு, பூனை மருந்து வாங்க வந்திருந்தாள். தொதலைப் பார்த்து நின்றுவிட்டாள். அதே நிறம், அதே ஒற்றை வெள்ளைப் பாதம். அவள் எடுத்தது தொதலின் தங்கச்சியை. அதற்கு வெள்ளிக்கிழமை சாப்பாடு நின்றிருக்கிறது. வீட்டில் கொத்தமல்லி அவித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறு செத்துவிட்டது. வெள்ளி விடிய எட்டு மணிக்கு என் கையில் இரண்டு கோடு வந்த பட்டை இருந்தது. அவளுடைய நம்பர் இருக்கவில்லை. ஒரு நம்பர் இருந்திருந்தால் ஒன்றரை நாள் கிடைத்திருக்கும்.

ஆகவே குட்டி எடுக்கப் போனால் கூடப் பிறந்தவற்றை எடுத்தவர்களின் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் உங்கள் நம்பரையாவது அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு வயிறு சரியில்லை என்றால் எல்லோருக்கும் சொல்லுங்கள். மீட்டவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவருடைய முற்றத்தில் அதே வைரஸ் கிடக்கிறது, அடுத்த குட்டியும் அங்கேதான் வரும். நான் ஆத்திரத்தில் எழுதிய நான்கு வரியால் அந்த முற்றத்துக்குப் பிளீச் கணக்கைச் சொல்லிக் கொடுக்கிற வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பரில் உண்ணிக் காய்ச்சல். மாதா மாதம் கழுத்தில் விடுகிற மருந்தை இரண்டு மாதம் காசு மிச்சம் பிடிக்க விட்டுவிட்டேன். ஒரு நாள் தொதலின் மூத்திரம் வெறும் தேத்தண்ணி நிறத்தில் போனது, முரசு வெள்ளைக் கடதாசி மாதிரி. இந்த முறை காத்திருக்கவில்லை, ஒரு மணித்தியாலத்துக்குள் போனேன். கண்ணாடித் துண்டில் இரத்தத்தைத் தடவி உருப்பெருக்கியில் பார்த்து பபீசியா என்றார்கள். உண்ணி கடித்து இரத்தத்துக்குள் விடுகிற ஒட்டுண்ணி, சிவப்பணுவுக்குள் இருந்துகொண்டு அதை உடைக்கும். இலங்கை நாய்களில் தாராளம். 28,000 ரூபா. மிச்சம் பிடித்தது நாலாயிரம். உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பங்கை நாயில் இல்லாமல், சுவர் வெடிப்பிலும் கட்டில் மூலையிலும்தான் கழிக்கும். ஒரு பெட்டை உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அதனால் நாயில் இருப்பதை மட்டும் பிடுங்கினால் போதாது. பிடுங்கியதை நகத்தால் நசுக்காமல் சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலுக்குள் போடுங்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி அன்பாக மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தா. வேண்டாம். தோல் வெந்துபோகும், நக்கினால் அதற்கு மேல் ஆபத்து.

போன வருஷம் மழையில் நனைந்து படிக்கு வந்த ஒரு பூனைக்குட்டி இப்போது சீனி என்ற பெயரில் வீட்டில் இருக்கிறது. இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். இரண்டு கிழமை தனி அறை, தனிக் கோப்பை, அந்த அறைக்குள் போக ஒரு பழைய சட்டை, வந்ததும் கை கழுவல். தொதல் கதவடியில் மூக்கை வைத்துப் படுத்திருந்தது, அவ்வளவுதான். பல்கனிக்கு வலை அடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். பூனை விழாது என்பதெல்லாம் கதை, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து தாடை உடைந்த பூனையை அந்தக் கிளினிக்கிலேயே பார்த்திருக்கிறேன். நாய்க்கு விடுகிற உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் உள்ளவை பூனையைக் கொன்றுவிடும், பெட்டியை வாசிக்காமல் வாங்காதீர்கள். பனடோலும் அப்படியே. காய்ச்சல் போல இருக்கிறது என்று பூனைக்கு ஒரு துண்டு பனடோல் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசன் சுமக்கிற வேலையை விட்டுவிடும். ஒரு துண்டே போதும், ஒரு பூனை போய்விடும். நம் வீடுகளில் பனடோல் மேசையில் உப்புப் போத்தல் மாதிரிக் கிடக்கும் என்பதால் சொல்கிறேன். வெங்காயம் போட்ட கறிச் சோறு நாய்க்கும் பூனைக்கும் கூடாது. புதுவருஷத்துக்கும் தீபாவளிக்கும் வெடி போடுகிற நேரம் யன்னலைச் சாத்திவிட்டு நான் வீட்டிலேயே இருக்கிறேன். பொங்கலுக்கு வவுனியா போனால் யாரிடம் விடுவது என்ற சிக்கல் இன்னும் தீரவில்லை. அம்மாவே இப்போது "அதையும் கொண்டு வாவன்" என்கிறா. ஆனால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள்.

கல்கிசைப் பெண்ணோடு தொடர்பு விடவில்லை. போன கிழமை போன் பண்ணினாள். மறுபடியும் ஒரு குட்டி எடுக்கலாமா என்று யோசிக்கிறாளாம். பழைய இடத்தில் கிருமி இருக்குமா என்று கேட்டாள். இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இருக்காது, ஆனாலும் ஒருக்கா பிளீச் போடு என்றேன். இரத்மலானையில் ஒருவரிடம் ஐந்து குட்டி நிற்கிறதாம். கார்ட்டின் படத்தை அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டிக்கர் ஒன்று, நீல நிறம், தொகுதி இலக்கம் வாசிக்கலாம், கீழே சீல். மற்ற நான்கையும் யார் எடுக்கிறார்கள் என்று கேட்டாயா என்றேன். கேட்டு ஒரு குறூப்பே தொடங்கிவிட்டாளாம். என்னையும் சேர்த்திருக்கிறாள். சனிக்கிழமை நானும் போகிறேன்.